கண்ணைக் கட்டிக்கொண்டு புல் வளர்த்த ராசா

கடிகாரம் என்ற ஒன்று பிறக்காத காலம் அது. ஆனால் அவசரம் அப்போதே பிறந்துவிட்டது, கேளுங்கள். பிறந்து, வளர்ந்து, முடிசூடி, கூவல்நாட்டை ஆண்டுகொண்டும் இருந்தது.

அந்த அவசரத்தின் பெயர் முடுகுவேள். நல்ல ராசாதான். ஏழைக்கு இரங்குவார், கொடுத்த வாக்கைக் காப்பார், பொய் பேசமாட்டார். பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது. சோறு வேகுமுன் பானையைத் திறப்பார். வழக்கைக் கேட்டு முடிக்குமுன் தீர்ப்புச் சொல்வார். தும்மல் வருமுன்னே துண்டால் மூக்கைத் துடைத்துக்கொள்வார்.

அவருடைய ராணி பொற்றொடி. சிரிப்பை உதட்டுக்குள்ளேயே மடித்து வைக்கத் தெரிந்தவள். அப்படியொரு கணவரோடு வாழ அது தேவைதானே?

ஒருநாள் பொற்றொடியின் அண்ணன் வெட்சிக்கோ விருந்துக்கு வந்தான். அவனும் பக்கத்து நாட்டு ராசா. பல்லக்கை விட்டு இறங்கியதும் இரண்டு முறை தும்மினான்.

"என்ன மாப்பிள்ளை, அரண்மனை முற்றம் முழுக்கப் புழுதி! என் அரண்மனைக்கு வந்து பாரும். வாசல் முழுக்கப் புல்தரை. கால் வைத்தால் மெத்தை."

முடுகுவேளுக்கு முகம் சிவந்துவிட்டது. "தை பிறந்ததும் வாரும் மச்சான். இந்த முற்றம் முழுக்கப் பச்சையாக இருக்கும். வேலைக்காரர் யாரும் வேண்டாம். என் கையால் விதைத்து, என் கையால் நீர் தெளித்து வளர்ப்பேன். தவறினால் உம் பல்லக்கை நானே தோளில் சுமக்கிறேன்!"

"நீர் வளர்த்துவிட்டால் உம்மை நான் சுமக்கிறேன்" என்றான் வெட்சிக்கோ. சொல்லிவிட்டு அவன் சிரித்த சிரிப்பு பொற்றொடிக்குப் பிடிக்கவில்லை. அண்ணன் என்றாலும் அது கொஞ்சம் அதிகப்படி.

அண்ணன் கிளம்பிய கையோடு முடுகுவேள் ஒரு கூடை புல் விதையை எடுத்தார். மண்ணைக் கொத்தவில்லை, கல்லைப் பொறுக்கவில்லை. கட்டாந்தரையில் அள்ளி வீசினார். மறுநாள் மழை பெய்தது. விதை அத்தனையும் நீரோடு ஓடிக் குதிரை லாயத்துப் பக்கம் ஒதுங்கியது. முற்றத்தில் ஒன்றுமில்லை. லாயத்து வாய்க்காலில் கொழுகொழுவென்று புல். குதிரைகள் ராசாவை வாயார வாழ்த்தின.

இரண்டாம் முறை மண்ணைக் கொத்தி விதைத்தார். சிட்டுக்குருவிகள் வந்தன. "என் புல்லையா தின்கிறீர்கள்?" என்று ஒரு படையையே இறக்கினார். வீரர்கள் பறையடித்துக்கொண்டு அங்கும் இங்கும் ஓடினார்கள். குருவிகள் போய்விட்டன. ஆனால் அத்தனை கால்களும் மிதித்த மண் செங்கல்போல் இறுகிவிட்டது. எந்த முளை அதைப் பிளந்துகொண்டு வரும்?

மூன்றாம் முறை விதைத்தார். இம்முறை முளைத்தே விட்டது! பூனைமுடிபோல் மெல்லிய பச்சை. ராசாவுக்கு நிலைகொள்ளவில்லை. அமைச்சரைக் கூட்டிவந்து அதன்மேல் நடந்தார். படைத்தலைவரைக் கூட்டிவந்து நடந்தார். ஊராரையெல்லாம் கூட்டிவந்து நடந்தார். "ஒரே சீராக இல்லையே" என்று வாளை எடுத்து அடியோடு ஒட்டச் சீவினார். அன்று அடித்த வெயிலில் அத்தனையும் கருகிவிட்டது.

முடுகுவேள் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்தபோது பொற்றொடிக்குச் சிரிப்பு வரவில்லை. தை பிறக்க இன்னும் ஒரு விதைப்புக்குத்தான் நாள் இருந்தது.

மாலையில் அவள் மெல்ல வந்து பக்கத்தில் அமர்ந்தாள். "அரசே, சொன்னால் கோபிக்கக் கூடாது. உங்கள் கண் பொல்லாத கண்."

"என்ன?"

"புல் முளைத்தது. நீங்கள் ஆசையோடு உற்றுப் பார்த்தீர்கள். அன்றே கருகிவிட்டது. ஊர்க்கண் பட்டால் பூசணிக்காய் உடைக்கலாம். ராசாவின் கண்ணே பட்டால் எதை உடைப்பது?"

முடுகுவேள் திகைத்தார். தன் உள்ளங்கையால் தன் கண்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அப்படியானால் பல்லக்கைச் சுமக்க வேண்டியதுதானா?"

"வேண்டாம். விதைக்கும்வரை பாருங்கள். அதன்பின் நான் சொல்லும் நாள்வரை கண்ணைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். வாக்குக் கொடுங்கள்."

கொடுத்தார்.

இம்முறை ராணி பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல ராசா செய்தார். மண்ணை ஆழக் கொத்தினார். கல்லைப் பொறுக்கினார். கட்டியை உடைத்துத் தரையைச் சமன் செய்தார். மக்கிய எருவைக் கலந்தார். நெடுக்காக ஒரு முறை, குறுக்காக ஒரு முறை விதைத்தார். மேலே பொடிமண்ணைத் தூவி, குருவி கண்ணில் படாதபடி மெலிசாக வைக்கோல் பரப்பினார். இடுப்பு ஒடிந்துபோயிற்று. சுற்றிலும் கீற்றுத் தட்டி கட்டியாயிற்று. ராணி தன் பழைய பட்டுத் துணி ஒன்றைக் கிழித்துக் கொண்டுவந்தாள்.

அதன்பின் தினமும் காலையும் மாலையும் கூவல்நாட்டு ராசா கண்ணைக் கட்டிக்கொண்டு, ராணியின் கையைப் பிடித்துக்கொண்டு, முற்றத்தின் ஓரமாகப் பதித்திருந்த கல்வரிசையின்மேல் தட்டித் தடவி நடந்தார். இன்னொரு கையில் அடியில் துளையிட்ட குடம்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி. ஐயோ, அது என் கால்!"

"முளைத்ததா தேவி?"

"வெறும் மண்தான்."

அது உண்மை. சில நாள் கழித்து மறுபடி கேட்டார். "முளைத்ததா?"

வைக்கோலுக்கிடையே பச்சை ஊசிகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. "வெறும் மண்தான்" என்றாள் பொற்றொடி, உதட்டைக் கடித்துக்கொண்டு.

மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. குடத்தை அசைத்தபடி, "பரவாயில்லை தேவி. என் கண் படாமல் புல் எங்கேயாவது நன்றாக இருந்தால் சரி" என்றார்.

முற்றம் முழுக்கப் புல் காற்றில் அலையடித்துக்கொண்டிருந்தது. பொற்றொடியின் கை தானாகவே கட்டின் முடிச்சுக்குப் போனது. இன்னும் வேர் இறங்கியிருக்காது என்று நினைத்தாள். கையை இழுத்துக்கொண்டாள். அன்று அவளுக்கும் சோறு இறங்கவில்லை.

தை பிறக்கப்போகும் நேரத்தில் ஒரு காலை, அவள் அவரைக் கல்லிலிருந்து இறங்கச் சொன்னாள். இறங்கினார். உள்ளங்காலில் குளிர்ச்சியாக ஏதோ கூசியது. ராசா அசையாமல் நின்றார். அவள் கட்டை அவிழ்த்தாள்.

முடுகுவேள் குனிந்து புல்லை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு அவசரமாகக் கண்களைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, என் கண் பட்டுவிடுமே!"

அப்போதுதான் பொற்றொடி வாய்விட்டுச் சிரித்தாள். "உங்கள் கண்ணில் ஒரு குறையும் இல்லை அரசே. கண் பார்த்தால் உங்கள் கால் நிற்காது. கால் போனால் கை சும்மா இருக்காது. கையைக் கட்டினால் நீர் தெளிக்க முடியாது. அதனால் கண்ணைக் கட்டினேன்."

ராசாவுக்குக் கோபம் வந்தது. அதைவிட வேகமாகச் சிரிப்பு வந்தது. அரிவாளால் நுனியை மட்டும் பதமாக அரிந்துவிட்டு, தள்ளி நின்று பார்த்தார்.

தை பிறந்தது. வெட்சிக்கோ வந்தான். முற்றத்தைப் பார்த்தான். தும்மல் வரவில்லை. கடைசியில் கேட்டான்: "உம் கையால்தான் வளர்த்தீரா மாப்பிள்ளை?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். மச்சானின் தோளில் பல்லக்கு ஏறிவிடும். ஆனால் முடுகுவேள் பொய் பேசமாட்டார்.

"விதைத்ததும் நீர் தெளித்ததும் என் கை. ஆனால் என் கையில் விட்டிருந்தால் இதுவும் கருகியிருக்கும். என்னிடமிருந்து இதைக் காப்பாற்றியவள் உம் தங்கை" என்று நடந்ததையெல்லாம் சொன்னார்.

வெட்சிக்கோ துள்ளிக் குதித்தான். "அப்படியானால் நீர் தோற்றீர்! சுமவும் பல்லக்கை!"

"தோற்பதாவது! ஒரு வேலைக்காரனாவது இதைத் தொட்டானா? நீர் சுமவும்!"

"நீர் சுமவும்!"

"நீர்!"

இரண்டு ராசாக்களும் மார்பும் மார்பும் முட்ட நின்றார்கள். இன்னும் ஓர் அடி வைத்தால் புல் நசுங்கும். பொற்றொடி நடுவில் வந்தாள்.

"அண்ணா, விதைத்ததும் நீர் தெளித்ததும் அவர் கைதான். ஆக, நீங்கள் சுமக்க வேண்டும். அரசே, தனியாகச் செய்யவில்லை என்பதையும் நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். ஆக, நீங்களும் சுமக்க வேண்டும். இருவரும் சுமந்தால் உள்ளே உட்கார ஆள் வேண்டுமே!"

சொல்லிவிட்டு, கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளே பல்லக்கில் ஏறி அமர்ந்தாள்.

முன்தண்டு வெட்சிக்கோவின் தோளில். பின்தண்டு முடுகுவேளின் தோளில். வீதியெல்லாம் ஊர் கூடி நின்று பார்த்தது.

"வேகமாக நடவும் மச்சான்!" என்று பின்னாலிருந்து தள்ளினார் முடுகுவேள்.

பல்லக்கின் திரைக்குள்ளிருந்து குரல் வந்தது: "மெதுவாக. எனக்கு ஓர் அவசரமும் இல்லை."

ஆகவே, கேட்டவர்களே, செய்ய வேண்டியதைச் செய்து முடித்தபின், வளர வேண்டியதை வளர விட்டுத் தள்ளி நிற்பதும் ஒரு வேலைதான்.