புளிக்க மறுத்த நாவல் சாறு

மூங்கில்பள்ளத்துக் காட்டில் சுனையாள் என்றொரு நீர்நாய் இருந்தாள். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். மீனைப் பிடித்தால் மறுபடி ஒரு முறை அலசித்தான் தின்பாள். மீன் தண்ணீரிலிருந்துதானே வந்தது என்று கேட்டால் கோபம் வந்துவிடும். படுக்கிற பாறையைக்கூட வாலால் பெருக்கிவிட்டுத்தான் படுப்பாள்.

அவளுக்கு மூன்று குட்டிகள். இன்னும் கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை.

அந்தக் காட்டில் ஆனி மாதம் வந்தால் காற்று வரும், மழை வராது. குளம் வற்றிச் சேறாகிவிடும். அந்தச் சமயத்தில்தான் மேல்மலையிலிருந்து யானைக்கூட்டம் இறங்கும். வழியில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று மூங்கில்பள்ளத்துக்கு வரும், மற்றது தூரத்து ஏரிக்குப் போகும். யானைகள் மூங்கில்பள்ளத்துக்கு வந்துவிட்டால் கவலையில்லை. காய்ந்த ஓடையின் மணலைக் காலால் தோண்டி ஊற்றுக் கிளப்பிவிடும். மழை வரும்வரைக்கும் காட்டிலிருக்கிற அத்தனை பேரும் அதைக் குடித்துத்தான் பிழைப்பார்கள்.

யானைகளை இந்தப் பக்கம் திருப்புவது எது தெரியுமா? வாசனைதான். நாவல் பழத்தைப் பிசைந்து, தண்ணீர் விட்டு, பாறைக்குழியில் மூடி வைப்பார்கள். இரண்டு மூன்று நாளில் அது நுரைத்துப் புளித்துவிடும். அந்த வாசனையைக் காற்று மேலே கொண்டுபோகும். புளித்த நாவல் சாறு என்றால் யானைகளுக்கு உயிர்.

வருஷா வருஷம் சாறு போட்டுவந்தது கரடிதான். இந்த வருஷம் தேன் தேடி அடுத்த மலைக்குப் போன கரடி, போன இடத்திலேயே தங்கிவிட்டது.

"நான் போடறேன்" என்றாள் சுனையாள். "கரடி அழுக்குக் கையோட போட்டதையே யானைங்க அந்தக் குடி குடிச்சுதுங்க. நான் போட்டா எப்படி இருக்கும்னு பாருங்க."

அவள் வேலை செய்த அழகைப் பார்க்க வேண்டுமே! பாறைக்குழியை மணல் போட்டுத் தேய்த்தாள். பழங்களைப் பூந்திக்கொட்டை நுரையில் முக்கினாள். ஒவ்வொன்றாக எடுத்து, தோலின் மேல் படிந்திருந்த வெள்ளைப் பூச்சு போகும்வரை தேய்த்தாள். பிறகு தண்ணீர் மாற்றி மாற்றி அலசினாள். பழமெல்லாம் பளபளத்தது. அப்புறம் பிசைந்து, தண்ணீர் விட்டு, தேக்கிலையால் மூடினாள்.

மூன்றாம் நாள் இலையைத் தூக்கிப் பார்த்தாள். நுரையையும் காணோம், வாசனையையும் காணோம். வைத்தது வைத்தபடி இருந்தது. இன்னும் இரண்டு நாள் பொறுத்தாள். அப்போதும் அது அசையவில்லை. குளமோ முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. யானைகள் வராவிட்டால் என்ன ஆகும் என்று சுனையாள் யோசித்துப் பார்த்தாள். பெரிய மிருகங்கள் ஏரிக்கு நடந்துவிடும். இந்த மூன்று குட்டிகளையும் வாயில் கவ்விக்கொண்டு அவ்வளவு தூரம் எப்படிப் போவது?

சேதி பரவியதும் ஆளாளுக்கு யோசனை சொல்ல வந்துவிட்டார்கள்.

"பழம் பத்தலை. இன்னும் ரெண்டு பங்கு போடு" என்றான் மொத்தையன் என்ற காட்டுப்பன்றி.

"அது குளிர்ந்து கிடக்குதுக்கா. வெயில்ல வைக்கணும்" என்றான் சலம்பன் என்ற குரங்கு.

"கண்ணு பட்டிருக்கு. நான் தோகையால சுத்திப் போடறேன், எல்லாம் சரியாயிடும்" என்றது மயில்.

"நேரமில்லை, எல்லாத்தையும் ஒண்ணா செஞ்சிடுவோம்" என்று மொத்தையன் குழிக்குள் மூக்கை நீட்டினான்.

சுனையாள் குழியை மறித்துக்கொண்டு நின்றாள். "வேண்டாம். எல்லாத்தையும் ஒண்ணா செஞ்சா, எதனால கெட்டது, எதனால சரியாச்சுன்னு எப்படித் தெரியும்? கெட்டுப்போனா மொத்தமும் போயிடும். எனக்கு நாலைஞ்சு விளாம்பழ ஓடு மட்டும் கொண்டு வாங்க."

எனக்கு இவளைப் பிடித்துப் போனது இந்த இடத்தில்தான். குட்டிகள் தண்ணீருக்குத் தவிக்கப் போகிற நேரத்தில் எவருக்கு இந்த நிதானம் வரும்?

ஓடுகள் வந்தன. ஒவ்வொரு ஓட்டிலும் கொஞ்சம் சாறு ஊற்றினாள். மொத்தையன் கொண்டு வந்த பழங்களை வழக்கம்போலக் கழுவி முதல் ஓட்டில் பிசைந்து போட்டாள். இரண்டாவதை வெயில் படும் பாறையில் வைத்தாள். கடைசி ஓட்டை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, மூன்றாவதை மயிலிடம் நீட்டினாள்.

"நம்பிக்கை இல்லாம குடுக்கறியோ?" என்று மயில் சிணுங்கியது.

"நம்பறதுக்கும் நம்பாததுக்கும் இதுல வேலை இல்லை. நுரைச்சா உன் தோகை சுத்தினதுதான் மருந்து. நுரைக்கலைன்னா இல்லை" என்றாள் சுனையாள்.

மயில் தோகையை விரித்து ஓட்டைச் சுற்றிச் சுற்றி ஆடியது. ஆடினதில் ஒரு இறகு உள்ளே விழுந்ததுதான் மிச்சம். வெயிலில் வைத்தது சூடானது. பழம் கூட்டியது கெட்டியானது. ஒன்றுகூட நுரைக்கவில்லை.

மறுநாள் மரத்தின் உச்சியிலிருந்து சலம்பன் கத்தினான். "அக்கா, மேல்மலையில புழுதி தெரியுது. யானைங்க கிளம்பிட்டுதுங்க!"

சுனையாள் ஓடுகளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். பழத்தைக் கூட்டியாயிற்று. இடத்தை மாற்றியாயிற்று. கண்ணேறும் கழித்தாயிற்று. தண்ணீர் கரடி எடுத்த அதே குளத்துத் தண்ணீர். பழமும் அதே மரத்துப் பழம். அப்படியானால் இன்னும் மாற்றாதது என்ன?

அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் மனசு ஒப்பவில்லை. அதைத் தவிர வேறெதுவாக இருந்தாலும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டிருப்பாள். போயும் போயும் அதுவா என்று முணுமுணுத்தாள். பிறகு எழுந்தாள்.

"சலம்பா, மரத்திலிருந்து பழம் பறிச்சுப் போடு. துடைக்காதே."

விழுந்த பழங்களின் மேல் வெள்ளைப் பூச்சு அப்படியே இருந்தது. தூசியும் கொஞ்சம் இருந்தது. சுனையாளின் முகம் கோணியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கழுவாமலே பிசைந்து கடைசி ஓட்டில் போட்டு, தண்ணீர் ஊற்றினாள்.

அடுத்த நாள் காலையில் அந்த ஓட்டின் ஓரத்தில் ஒரு குமிழி வந்தது. பக்கத்தில் இன்னொன்று வந்தது. பொழுது ஏற ஏற ஓடு முழுக்கச் சலசலவென்று நுரை கட்டியது. புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசனை மூக்கில் ஏறியது. சுனையாளுக்கு அழுகையே வந்துவிட்டது.

சலம்பன் கீழே குதித்து வந்து அவள் காதைக் கடித்தான். "அக்கா, சத்தம் போடாம குழியில ஊத்திடு. மயில் சுத்திப் போட்டதுதான் பலிச்சதுன்னு சொல்லிடுவோம். உன் பேரும் கெடாது, மயிலுக்கும் சந்தோஷம்."

"அடுத்த வருஷம் யார் போடுவாங்களோ, அவங்களுக்கு என்ன தெரியும்? மயிலைக் கூப்பிட்டு ஆடச் சொல்லிட்டு உட்கார்ந்திருப்பாங்க" என்றாள் சுனையாள்.

எல்லாரையும் கூப்பிட்டாள். நடுவில் நின்று சொன்னாள். "பழத்தோட தோல் மேலே ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கும். சாறைப் புளிக்க வைக்கிறது அதுலதான் இருக்குது. அதை அழுக்குன்னு நினைச்சு நான் தேய்ச்சுப் போக்கிட்டேன். தப்பு குளத்தோடதும் இல்லை, வெயிலோடதும் இல்லை. என்னோடது."

யாரும் சிரிக்கவில்லை. மொத்தையன் மட்டும், "நம்ம பழத்தையும் இவ கழுவினாளே, அப்பவே நான் வாயைத் திறந்திருக்கலாம்" என்று முணுமுணுத்தான்.

நுரைத்த சாற்றைப் பாறைக்குழியில் ஊற்றிக் கலக்கினாள். கழுவாத பழங்களையும் அள்ளிப் போட்டு மூடினாள். மறுநாள் மத்தியானம் தேக்கிலையை நுரையே தூக்கி நிறுத்தியது. காற்று அந்த வாசனையை வாரிக்கொண்டு மலையேறியது.

அந்த நேரம் யானைக்கூட்டம் பாதை பிரியும் இடத்துக்கு வந்துவிட்டது. வாசனை இன்னும் அங்கே எட்டவில்லை. தலைவி முகிலாத்தாள் ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். பிறகு ஏரிப் பாதையில் நடந்தாள். மற்ற யானைகளும் பின்னாலேயே திரும்பின. மரத்தின் உச்சியில் சலம்பன் கிளையை இறுகப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே சுனையாள் குட்டிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "என்னடா ஆச்சு? சொல்லுடா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒரு காற்று ஓங்கி வீசியது. முகிலாத்தாளின் தும்பிக்கை மெல்ல மேலே எழுந்தது. நின்றாள். முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். பிறகு அந்தப் பெரிய உடம்பு மூங்கில்பள்ளத்துப் பக்கம் திரும்பியது.

அன்று சாயங்காலம் ஓடை மணலில் ஊற்றுப் பொங்கியது. யானைகள் சாற்றைக் குடித்துக் காதாட்டிக்கொண்டிருந்தன. சுனையாள் முதல் குட்டியின் வாயில் தண்ணீர் வைத்தாள். அது சப்புக் கொட்டிக் குடித்தது. காட்டிலிருந்த அத்தனை பேரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எடுத்த காரியம் கெட்டால், தான் பெருமைப்படும் குணத்திலும் குற்றம் இருக்கலாம் என்று தேடிப் பார்க்கத் துணிகிறவரே அதைச் சரிசெய்வார்.