பதினைந்தாவது பெயர்

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆகவே தீர்ப்புச் சொல்வதற்கு முன் இந்தக் கதையை முழுக்கக் கேட்டுவிடுங்கள்.

தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூர். அங்கே உள்ள பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் மரகதவல்லி டீச்சர் பத்தொன்பது வருடமாக வரலாறு நடத்திவந்தார். பத்தாவது முடித்த பிள்ளைகள் பதினொன்றில் எந்தக் குரூப் எடுப்பது என்று வழிகாட்டி, பெயரைப் பட்டியலில் எழுதும் பொறுப்பும் அவருடையதுதான். சேர்க்கை தொடங்கிவிட்டால் அவர் மேசையைச் சுற்றிக் கல்யாணப் பந்திக்கு நிற்பதுபோலக் கூட்டம் நிற்கும்.

அந்த வருடம் அவருக்கே ஒரு சிக்கல் வந்தது. பதினைந்து பேர் சேர்ந்தால்தான் ஒரு குரூப் நடக்கும் என்பது அந்தப் பள்ளியின் விதி. வரலாற்றுக் குரூப்பில் சேர்ந்திருந்தது பதினான்கு பேர். வெள்ளிக்கிழமைக்குள் இன்னொருத்தி வராவிட்டால் குரூப்பை மூடிவிடுவார்கள், டீச்சரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். டீச்சராவது எங்கே போனாலும் சமாளித்துக்கொள்வார். அந்தப் பதினான்கு பேர்தான் பாவம். வேறு குரூப் அவர்களுக்கு ஒத்துவராது. பெண்பிள்ளையைப் பஸ் ஏற்றி அடுத்த ஊருக்குப் படிக்க அனுப்பும் வீடுகள் அல்ல அவர்களுடையவை.

திங்கட்கிழமை முத்துப்பேச்சி வந்தாள். சமூக அறிவியலில் தொண்ணூற்றெட்டு, கணக்கில் தொண்ணூற்றிரண்டு. டீச்சர் என்றால் அவளுக்கு உயிர்.

"நீங்க எதச் சொல்லுதியளோ அதுல சேந்துக்கிடுதேன் டீச்சர்" என்றாள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஆனால் டீச்சருக்குப் பேச்சியைத் தெரியும். ஊர்க் குளத்து மடையைப் பார்க்க வகுப்பைக் கூட்டிப்போனபோது மற்றவர்கள் கல்வெட்டை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார்கள். இவள் ஒருத்தி மட்டும் முழங்கைவரை கையைச் சேற்றுக்குள் விட்டு, மடை எப்படித் திறக்கிறது என்று துழாவிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பாசம் டீச்சர் மேல்தான், வரலாற்றின் மேல் இல்லை. மேத்ஸ் குரூப்பில் சேரச் சொல்லி அனுப்பிவிட்டார். பதினான்கு பேரைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை.

தலைமையாசிரியைக்கு இது பொறுக்கவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற இந்த அம்மாளை நம்பினால் குரூப் மூடிப்போகும் என்று, அன்று சாயங்காலமே பேச்சியைக் கூப்பிட்டு விஷயத்தை உடைத்துவிட்டார். பிள்ளை அழும், பிறகு குரூப்பை மாற்றிக்கொள்ளும் என்பது அவர் கணக்கு.

பேச்சி இரண்டும் செய்யவில்லை. நேரே பெரியம்மா வீட்டுக்குப் போனாள். பெரியம்மா மகள் கனகமணி போன வருடமே பத்தாவது பாஸ் செய்துவிட்டு, மடியில் சொளகு என்கிற முறத்தோடு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை முழுக்கப் பேச்சி அந்த வீட்டு வாசற்படியை விட்டு நகரவில்லை. பெரியம்மாளைக் கெஞ்சி, அக்காளைக் கொஞ்சி, அவள் வந்தால் ஒரு வகுப்பே பிழைக்கும் என்று சொல்லிச் சொல்லி, புதன்கிழமை காலையில் டீச்சர் மேசை முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள்.

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு பெண்களையும் அப்படியே சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பட்டியலை எடுத்துப் பதினைந்து என்று எண் போட்டு, 'கனக' என்பதுவரை எழுதியும்விட்டார். பிறகு கை நின்றது.

"ஏட்டி கனகு, உனக்கு என்ன படிக்கணும்னு ஆசை?"

கனகமணி தங்கச்சியைப் பார்த்தாள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர். ஹிஸ்டரியே போடுங்க."

"வகுப்பு நடக்கட்டும், நடக்காம போகட்டும். அத விடு. உனக்கு என்ன வேணும்?"

அவள் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். பழக்கமில்லாத கேள்வி அல்லவா.

"நர்சிங் குரூப் இருக்குல்லா டீச்சர். அது."

டீச்சர் எழுதியதை அடித்துவிட்டு, நர்சிங் பட்டியலை எடுத்து அதில் முழுப் பெயரையும் எழுதினார். வரலாற்றில் மறுபடியும் பதினான்கு.

தலைமையாசிரியை கொதித்துப்போனார். வீட்டோடு கிடந்த பெண் பள்ளிக்கூடம் வந்ததே பெரிது, அவளுக்கு எந்தக் குரூப்பாக இருந்தால் என்ன, சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாயிற்று என்றார். பதினான்கு பேர் படிப்பு முக்கியமா, ஒருத்தி ஆசை முக்கியமா என்றும் கேட்டார். பேச்சிக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அவ சம்மதிச்சுத்தான் வந்தா. நீங்க ஏன் கிளறுனிய டீச்சர்?"

டீச்சர் தான் பத்தொன்பது வருடம் நின்ற வகுப்பறையை ஒருமுறை எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான்.

இப்போது சொல்லுங்கள். பதினான்கு பேருக்காக உண்மையைப் போட்டு உடைத்தார் தலைமையாசிரியை. தன் படிப்பையும் விடாமல், வகுப்பையும் விடாமல் அக்காளை அழைத்துவந்தாள் பேச்சி. கைக்கு வந்ததை ஒரு கேள்வி கேட்டு நழுவவிட்டார் டீச்சர். இதில் யார் செய்தது சரி?

விடை: டீச்சர் செய்ததுதான் சரி. மற்ற இருவர் மனதிலும் கள்ளமில்லை. ஆனால் பதினான்கு பேரின் பாரத்தை ஒருத்தி தலையில் ஏற்றப் பார்த்தார்கள். தலைமையாசிரியை பேச்சி தலையில் ஏற்றினார், பேச்சி அதை அக்காள் தலைக்கு மாற்றினாள். தொண்ணூற்றெட்டு வாங்கியவளின் மனதை அறிந்து வழி சொன்ன டீச்சர், பீடி சுற்றியவளிடம் மட்டும் கேட்காமல் எழுதியிருந்தால், திங்கட்கிழமை அவர் காட்டியது மார்க்குக்குக் காட்டிய மரியாதையாகிப் போயிருக்கும். அந்தப் பதினான்கு பேர் கதி என்ன என்று கேட்பீர்கள். வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள் மிச்சமிருந்தது. அன்று சாயங்காலமே டீச்சரும் பேச்சியும் கனகமணியுமாகப் பீடித் தெருவுக்குள் நுழைந்தார்கள். பத்தாவது பாஸ் செய்துவிட்டுச் சொளகு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் அந்த ஒரு தெருவில் மட்டும் ஒன்பது பேர். என்ன படிக்க ஆசை என்று அவர்களில் ஒருத்தியிடமும் அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.