ஒரே குழாயில் மூன்று வீடுகள்

ஒரு வழக்கைச் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

நகரத்தின் ஓரத்தில், ரயில் பாதையை ஒட்டி ஒரு பழைய குடியிருப்பு. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வீடுகள் கொண்ட கட்டடங்கள். மூன்று வீட்டுக் கழிவுநீரும் சுவருக்குள் ஓடும் ஒரே இரும்புக் குழாய் வழியாகத்தான் இறங்கும். கட்டடத்தின் வயதுதான் குழாய்க்கும். துரு தின்று கொண்டிருந்த அது எப்போது விட்டுப்போகுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. ஆனால் யாரும் மாற்றவில்லை.

ஒரு நாள் காலையில் அது விட்டுப்போனது. கீழ்வீட்டு நிலோபரின் குளியலறைச் சுவரோரம் கறுப்புத் தண்ணீர் பொங்கி, கூடம் வரை வந்தது. முந்தின நாள்தான் அவர் மகள் சிசேரியன் முடிந்து, பச்சைக் குழந்தையோடு வீடு வந்திருந்தாள். யாராவது பிடித்துத் தூக்கினால் ஒழிய அவளால் எழுந்து உட்காரக்கூட முடியாது. நிலோபர் பழைய துணிகளையெல்லாம் மகள் படுத்திருந்த அறைவாசலில் அணைபோல் போட்டுவிட்டு, பிளம்பர் கோதண்டத்துக்குப் போன் செய்தார்.

கோதண்டம் வந்து சுவரை உடைத்தார். இற்றுப்போன குழாய்த் துண்டை அறுத்து எடுத்தார். பிறகு நிலோபரிடம் சொன்னார்: "புதுசு மாட்டி முடிக்கிற வரைக்கும் மேலருந்து ஒரு சொட்டு வரக்கூடாதும்மா. வந்தா முதல்ல என் மூஞ்சியில, அப்புறம் உங்க வீடு பூரா."

நிலோபர் மாடி ஏறினார். நடு வீட்டில் குளோரியும் அவள் கணவன் செல்வினும். குளோரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டிலருந்து ஒரு சொட்டு இறங்காது அக்கா. சத்தியம். நீங்க குழந்தையைப் பாருங்க." மேல்வீட்டில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் தில்லைநாயகமும் அப்படியே வாக்குக் கொடுத்தார். அன்று அவர் குளிக்கவில்லை. காப்பி குடித்த டம்ளரைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டார்.

குளோரி வீட்டுக் குளியலறை ஜன்னல், கீழ்வீட்டுக் குளியலறை ஜன்னலுக்கு நேர் மேலே. கோதண்டம் சுவரைக் கொத்தும் சத்தமும், நடுநடுவே அவர் நிலோபரிடம் பேசுவதும் அதன் வழியே கேட்டுக்கொண்டிருந்தன.

செல்வினால் சும்மா இருக்க முடியவில்லை. தானும் உதவலாம், குழாயில் இருக்கும் அடைப்பையெல்லாம் கரைத்துவிடலாம் என்று எண்ணினான். தண்ணீர்தானே ஊற்றக்கூடாது? கக்கூஸ் கழுவ வைத்திருந்த ஆசிட்டை எடுத்துக் கை கழுவும் தொட்டியில் சாய்த்தான். குப்பென்று புகை எழுந்தது. பதறிக் கையை உதறினான். பாட்டிலில் மீதி இருந்தது முகத்தில் தெறித்தது.

"குளோரி! கண்ணு! கண்ணு எரியுதுடி!"

ஓடி வந்த குளோரி, கண்ணை மூடிக்கொண்டு துடிக்கும் கணவனைக் கண்டாள். தொட்டியின் அடியில், குழாய் வளைவில், அவன் ஊற்றிய ஆசிட் தேங்கி நின்றது. அவள் கை தொட்டிக் குழாய்த் திருகுக்குப் போனது.

கூச்சல் கேட்டு மேலிருந்து இறங்கி வந்த தில்லைநாயகம் அந்தக் கையைப் பிடித்தார்.

"திறக்காதேம்மா! அடியில நிக்கிற ஆசிட் அப்படியே இறங்கும். கீழே ஒரு மனுஷன் முகத்தைக் குழாய்க்கு நேரா வச்சு உக்காந்திருக்கான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்."

"ஆஸ்பத்திரி போறதுக்குள்ள கண்ணு போயிடும் சார்!"

"சத்தியம் பண்ணியிருக்கோம்!"

குளோரி அவரைத் தள்ளினாள். கிழவர் விடவில்லை. திருகை அவர் மூட, அவள் திறக்க, இருவரும் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் குளோரியின் கைதான் வென்றது. செல்வினின் தலையைத் தொட்டிக்குள் அழுத்தி, கண்ணை விரித்துப் பிடித்து, தண்ணீரைக் கொட்டவிட்டாள்.

கீழே, குழாய்க்குள் எதுவோ இறங்கி வரும் இரைச்சல் கேட்டுக் கோதண்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையை இழுக்க நேரமில்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது. பாதி பொருத்திய குழாய் நழுவி விழுந்தது. துணி அணையைத் தாண்டிச் சாக்கடை அறைக்குள் புகுந்தது. நிலோபர் குழந்தையை ஒரு கையில் அள்ளி, மறு கையால் மகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார். வாசலில் மகளின் உடையில் ரத்தம் கசிந்திருந்தது. தையல் பிரிந்திருந்தது.

எல்லோரும் ஒரே ஆஸ்பத்திரிக்குத்தான் போனார்கள். உடனே கழுவியதால்தான் செல்வினின் கண் பிழைத்தது என்றார் மருத்துவர். மகளுக்கு மறுபடி தையல் போட்டார்கள். கோதண்டத்தின் கையில் கட்டு. காத்திருக்கும் கூடத்தில் குளோரி தலைகுனிந்து நின்றாள். "அவ கையை நான் இன்னும் இறுக்கிப் பிடிச்சிருக்கணும்" என்றார் தில்லைநாயகம்.

"பிடிச்சிருந்தா இவர் குருடாயிருப்பாரு சார்" என்றாள் அவள்.

செல்வினின் அசட்டுத்தனம் எல்லோருக்கும் தெரிந்ததே. அதை விடுங்கள். சத்தியத்தை மீறித் தண்ணீரைத் திறந்த குளோரி, அதைக் காக்க அவள் கையைத் தடுத்த தில்லைநாயகம். இவர்களில் யார் செய்தது சரி?

என் விடை: திறந்தது சரி. கண் காத்திருக்காது, இப்படி ஒன்று நடக்கும் என்று தெரிந்து அவள் சத்தியம் செய்யவில்லை. தொட்டிக்குப் பதிலாக முகத்துக்கு அடியில் ஒரு வாளியை வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அலறலுக்கு நடுவே நிற்பவருக்கு வாளி தோன்றாது, அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் தன் வார்த்தையை நம்பி ஒருவர் குழாய்க்கடியில் உட்கார்ந்திருக்கும்போது, அதை மீறுகிறவர் முதலில் அவரிடம் சொல்ல வேண்டும். ஜன்னல் திறந்தே இருந்தது. "விலகுங்க" என்று ஒரு குரல் போதும். அந்த இடத்தில் குளோரி தவறினாள். தில்லைநாயகம் அவளைவிட அதிகம் தவறினார். கீழே இருப்பவரை நினைத்தது அவர்தான். அவளுக்குக் கணவனைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. அந்த நினைப்போடு அவர் ஜன்னலுக்குப் போயிருக்க வேண்டும், அவள் கைக்குப் போனார்.

நிலோபரிடம் யாரும் தீர்ப்புக் கேட்கவில்லை. அவர் மகளின் படுக்கை ஓரத்திலிருந்து எழுந்து வந்து, குளோரியிடம் கேட்டது இவ்வளவுதான்: "ரெண்டு கண்ணும் தெரியுதாம்மா?"