எட்டிப்பழமும் பன்னிரண்டு மதிப்பெண்ணும்

மலையடிவாரக் காடொன்றில் விலங்குகள் ஓர் அறிவியல் கல்லூரி நடத்தி வந்தன, குழந்தைகளே. இளநிலைத் தாவரவியலுக்கு அங்கே இரண்டு ஆசிரியர்கள்.

மரகதம் என்ற கிளி பாடம் முழுவதையும் பாட்டாகவே பாடிவிடும். மாணவர்கள் நிழலில் சாய்ந்து கேட்பார்கள், கைதட்டிவிட்டுப் போவார்கள். செங்கோடன் என்ற முள்ளம்பன்றியோ அவர்களைப் புதருக்குள் இழுத்துப் போகும். "முகர்ந்து பார். பிளந்து பார். அப்புறம் சொல்" என்று உயிரை எடுக்கும்.

ஆண்டு முடிவில் மதிப்பீட்டுக் குழுத் தலைவர் நரியார் கேள்வித்தாளோடு மாணவர்களிடம் வந்தார்.

"வகுப்பில் எத்தனை முறை சிரித்தீர்கள்? ஆசிரியரின் குரல் இனிமையா? உட்கார இடம் வசதியா?"

கிளிக்கு நூற்றுக்கு நூறு. முள்ளம்பன்றிக்குப் பன்னிரண்டு. புதரில் காலைக் கிழித்துக்கொண்ட தும்பை என்ற முயல், ஆத்திரத்தில் சுழியமே போட்டிருந்தது.

"உம்மை யாருக்கும் பிடிக்கவில்லை. நாளை முதல் வரவேண்டாம்" என்றார் நரியார்.

"அவர்கள் என்ன கற்றார்கள் என்று கேட்டீர்களா?"

"அந்தக் கேள்வி தாளில் இல்லையே!"

முள்ளம்பன்றி தன் வளைக்குத் திரும்பியது.

மறுவாரம் பட்டமளிப்பு விழா. கிளியிடம் முதல் மதிப்பெண் வாங்கிய குரங்கு, விருந்துக்கு ஆரஞ்சு நிறப் பழங்களைக் கொண்டுவந்து குவித்தது. "பொன்னிறப் பழம் பசிக்கு நலம்" என்று பாடவும் செய்தது. நரியார் தலைவரல்லவா, முதல் பழத்தை அவரே கடித்தார்.

தும்பையும் ஒன்றை எடுத்தது. பழகிய பழக்கம், பிளந்து பார்த்தது. உள்ளே வட்டமாய், தட்டையாய், பட்டுப்போல் மின்னும் விதைகள்!

"துப்புங்கள் ஐயா! இது எட்டி! விஷம்!" என்று அலறியது.

எல்லோரும் பழத்தைக் கீழே எறிந்தார்கள். நரியாரும் துப்பினார். ஆனாலும் தாடை இறுகி மூன்று நாள் பேச்சில்லாமல் கிடந்தார்.

"என் பாட்டில் விதை வராதே..." என்று முனகியது கிளி.

நான்காம் நாள் வாய் திறந்ததும் நரியார் சொன்ன முதல் வார்த்தை, "செங்கோடனைக் கூப்பிடுங்கள்."

தும்பைதான் ஓடியது. முள்ளம்பன்றியின் வளை வாசலில் தலைகுனிந்து நின்றது.

"ஐயா, உங்களுக்குச் சுழியம் போட்டது நான்தான்."

"நரியார் பிழைத்துக்கொண்டாரா?"

"பிழைத்துக்கொண்டார், ஐயா."

"அப்படியானால் நீ தேறிவிட்டாய்" என்றது முள்ளம்பன்றி.

நீதி: கைதட்டலை எண்ணி ஆசிரியரை அளக்காதே, மாணவர் கற்றதைப் பார்த்து அள.