பிரேக் மாற்றிய நாள்

பத்து நாளாகத் தையல்நாயகி தன் பனிச்சறுக்குப் பலகைகளைத் தொடவில்லை. வாசல் சுவரில் சாய்த்து வைத்திருந்த அவற்றைத் தாண்டிப் போகும்போதுகூட முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போனாள்.

மடம் பனிமலைச் சரிவில் இருந்தது. பெண்கள் ஐந்து பேர். மார்கழியில் மூடும் பாதை சித்திரையில்தான் திறக்கும். அதுவரை கீழே ஊருக்குப் போகவும் வரவும் பலகைதான். ஏறும்போது பூட்ஸின் குதிகாலைப் பலகையிலிருந்து தூக்க முடியும். இறங்கும்போது குதிகாலையும் சேர்த்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஊருக்கு மருந்துப் பை கொண்டுபோகிற வேலை வாரத்துக்கு ஒருவர். மறுநாள் தையல்நாயகியின் முறை.

குரு உமையாளுக்கு முப்பத்து நான்கு வயது. தையல்நாயகிக்கு ஐம்பத்தொன்று. அவர் இவளை அக்கா என்பார். இவள் அவரைச் சாமி என்பாள்.

காலைக் கஞ்சி முடிந்ததும் தையல்நாயகி போய் நின்றாள்.

"சாமி, நாளைக்கு நான் இறங்கலை."

"உடம்புக்கு என்ன?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. பயமா இருக்கு."

"விழுந்துடுவோம்னா?"

"நான் விழுந்தா எனக்குத்தானே அடி. அதுக்கு இல்லை."

எதற்கு என்று இருவருக்கும் தெரியும். பத்து நாளைக்கு முன் மடத்துக்குக் கீழே திருப்பத்தில் அவள் விழுந்தாள். வலது காலின் பலகை கழன்றது. கழன்ற பலகை நிற்கவில்லை. மூக்கு முன்னால் நீட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல், சரிவில் நேராகப் போனது. கீழே ஊற்றில் மடத்துப் பெண்களில் ஒருத்தியான சந்தா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பலகை அவள் முழங்காலுக்கும் கல்லுக்கும் நடுவே புகுந்து, பிளாஸ்டிக் கேனைப் பிளந்துகொண்டு, மாட்டுக்கொட்டகைச் சுவரில் முட்டி நின்றது. சந்தா சிரித்தாள். புதுக் கேன் வாங்கித் தரச் சொன்னாள். அவ்வளவுதான் நடந்தது.

தையல்நாயகிக்கு அவ்வளவோடு முடியவில்லை. கேன் பிளந்த சத்தம் காதிலேயே இருந்தது. கண்ணை மூடினால் கேன் இருந்த இடத்தில் வேறொன்று இருந்தது.

"இந்தப் பயத்தை எங்கிட்டேருந்து எடுத்துடுங்க சாமி. அப்புறம் போறேன்."

குரு எழுந்தார். "பலகையை எடுத்துக்கிட்டு வாங்க."

பலகையில் பூட்ஸின் குதிகாலைப் பிடிக்கிற பூட்டுக்கு அடியில் இரண்டு இரும்புக் கைகள் இருக்கும். பூட்ஸ் மிதித்திருக்கும்வரை மடங்கிக் கிடக்கும். பூட்ஸ் கழன்றால் விசையோடு இறங்கிப் பனியில் ஊன்றும். அதுதான் பிரேக். தையல்நாயகியின் வலது பலகையில் ஒரு கை பாதியில் முறிந்திருந்தது. முறிந்த இடம் துருப்பிடித்திருந்தது. எப்போது முறிந்ததென்று யாருக்கும் தெரியவில்லை.

போன வாரம் வந்த பெட்டியை குரு திறந்தார். அதில் மூன்று ஜோடி பிரேக் இருந்தது. எண்பத்தைந்து, நூறு, நூற்றிருபது என்று கைகளின் இடைவெளியை மில்லிமீட்டரில் குறித்திருந்தார்கள். பூட்டு நிற்கும் இடத்தில் பலகையின் அகலம் தொண்ணூற்று நான்கு.

"எது வேணுமோ எடுங்க."

தையல்நாயகி யோசிக்கவே இல்லை. நூற்றிருபதை எடுத்தாள்.

"ஏன்?"

"பெருசா இருக்கு. நல்லாப் பிடிக்கும்."

"பூட்டுங்க."

அவள் பூட்டைக் கழற்றி, பழையதை எடுத்துவிட்டு, புதியதை வைத்துத் திருகாணிகளை முடுக்கினாள். இரண்டு பலகைக்கும் முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

"மாட்டிக்கிட்டு முற்றத்துல நடங்க."

ஏழாவது எட்டில் வலது பலகையின் பிரேக் கை இடது பலகைமேல் ஏறியது. தையல்நாயகி பக்கவாட்டில் சாய்ந்து, தடுமாறி, விறகுக் குவியலில் போய் உட்கார்ந்தாள். எழுந்து திரும்ப நடந்தாள். இந்தத் தடவை பலகையைச் சற்றுச் சாய்த்ததும் வெளியே நீட்டிக்கொண்டிருந்த கை பனியைக் கீறி அவளை நிறுத்தியது. மறுபடியும் விறகு.

"நல்லாப் பிடிக்குது," என்றார் குரு.

"கிண்டல் பண்ணாதீங்க சாமி."

"இல்லையே. உங்களையே பிடிச்சுதே."

அவள் அதைக் கழற்றினாள். எண்பத்தைந்தை எடுத்துப் பலகைமேல் வைத்துப் பார்த்தாள். கைகள் இரண்டும் பலகையின் மேல்பக்கத்திலேயே முட்டிக்கொண்டு நின்றன. கீழே இறங்க வழியில்லை. அதையும் வைத்தாள். நூறை எடுக்கவில்லை.

"பிரேக்கே வேணாம் சாமி. கயிறு போட்டுக் கணுக்கால்ல கட்டிக்கறேன். கழன்றாலும் என்னை விட்டுப் போகாதில்ல?"

"போகாது."

"அப்ப அதுவே போதும்."

குரு கொடியிலிருந்து கயிற்றை அவிழ்த்து வந்தார். பூட்டைத் திறந்துவிட்டு, பலகையை அவள் காலோடு கட்டினார். முற்றத்தின் ஓரத்தில் பனி ஓர் ஆள் உயரத்துக்குச் சரிந்திருந்தது.

"உருளுங்க."

"சாமி?"

"விழுந்தா உருளுவீங்கதானே. இங்கேயே உருளுங்க."

தையல்நாயகி படுத்து உருண்டாள். முதல் புரளலில் பலகை பக்கத்தில் வந்தது. இரண்டாவதில் தோளில் அடித்தது. மூன்றாவதில் அதன் இரும்பு விளிம்பு காதுக்குப் பக்கத்தில் பனியைக் கிழித்துக்கொண்டு போனது. அவள் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு அப்படியே கிடந்தாள்.

"இன்னும் கொஞ்சம் உருளலாமே அக்கா."

"அவிழுங்க."

குரு அவிழ்த்தார்.

"இது முற்றம்," என்றார். "மேலேருந்து பனி சரிஞ்சு வந்தா, கட்டின பலகை உங்களையும் கூட இழுத்துக்கிட்டுக் கீழே போகும்."

தையல்நாயகி நூறைப் பூட்டினாள். அது பலகையைவிட இருபக்கமும் மூன்று மில்லிமீட்டர்தான் கூடுதல். அந்த மூன்று மில்லிமீட்டரை அவள் நகத்தால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா சாமி?"

"இவ்வளவுதான்."

அவள் திருகாணியை முடுக்கினாள். முடுக்கிய பிறகும் ஒரு சுற்று முடுக்கப் போனாள். குரு அவள் கையைப் பிடித்தார்.

"போதும். இன்னும் இறுக்கினா உள்ளே மரம் நைஞ்சுபோகும். அப்புறம் பூட்டே கையோட வரும்."

பூட்ஸை மாட்டிக் கழற்றினாள். கைகள் இறங்கின. மாட்டினாள், கழற்றினாள். இறங்கின. முப்பது தடவை செய்தாள். முப்பது தடவையும் இறங்கின. பிறகு பலகைகளைத் திண்டின்மேல் கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கம் மெழுகு தேய்த்தாள். குரு உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். அவள் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. ஆனா பயம் போகலை."

"பிரேக் நல்லா இருக்கே."

"முப்பது தடவை நல்லா இருந்தது சாமி. முப்பத்தொண்ணாவது தடவை?"

குரு சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டார்.

"அன்னைக்கு எந்தத் திருப்பத்துல விழுந்தீங்க?"

இருவரும் அங்கே போனார்கள். தையல்நாயகி வலது பலகையைத் தோளில் சுமந்து வந்தாள். திருப்பத்தில் நின்று பார்த்தால் ஊற்று நேர் கீழே தெரிந்தது. நூறு அடி இருக்கும். அவள் பார்வையைப் பக்கத்திலிருந்த பாறைமேல் வைத்துக்கொண்டாள்.

"இங்கேயே இருங்க," என்று சொல்லிவிட்டு குரு இறங்கினார்.

அவர் நடந்தே இறங்கினார். ஒவ்வொரு எட்டிலும் கால் முழங்கால்வரை புதைந்தது. ஊற்றில் சந்தா குனிந்து தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். குரு அவளிடம் ஏதோ சொன்னார். சந்தா மேலே பார்த்தாள். பிறகு கேனைத் தூக்கிக்கொண்டு வேகமாகக் கொட்டகைப் பக்கம் ஒதுங்கினாள். அவள் குரல் மேலேவரை கேட்டது.

"புதுக் கேன் சாமி இது. அந்த அக்காகிட்டே சொல்லுங்க."

குரு ஊற்றின் முன்னால், அன்று சந்தா நின்ற அதே இடத்தில், மேலே பார்த்து நின்றார். கைகளைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டார்.

"விடுங்க அக்கா."

தையல்நாயகிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"தள்ளி நில்லுங்க சாமி."

"விடுங்க."

"முதல்ல தள்ளி நில்லுங்க. அப்புறம் விடறேன்."

"நான் தள்ளி நின்னா நீங்க விட்டதுல என்ன இருக்கு? இங்கேதான் நிப்பேன். குளிருது அக்கா."

"என்னால முடியாது."

"அப்ப சாயங்காலம்வரைக்கும் நிக்கிறேன்."

நிற்பார். அது தையல்நாயகிக்குத் தெரியும். ஒரு தடவை மௌனம் என்று சொல்லி பதினேழு நாள் பேசாமல் இருந்தவர்.

அவள் பலகையைப் பனியில் வைத்தாள். மூக்கு கீழ்நோக்கி இருந்தது. வால்பக்கத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டாள். பலகையின் மூக்குக்கு நேராக குருவின் பழுப்புச் சால்வை தெரிந்தது. இங்கிருந்து பார்க்க அவர் ரொம்பச் சின்னதாக இருந்தார்.

பிடித்திருந்த கைகளில் பலகை மெல்ல இழுத்தது.

விட்டுவிட்டால் முடிந்துவிடும் என்று ஒரு கணம் தோன்றியது. எப்படி முடியும் என்ற நினைப்பு அடுத்த கணமே வந்தது. அவள் பலகையைப் பின்னால் இழுத்து முழங்காலில் கிடத்தினாள். திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். இறுக்கமாக இருந்தன. மறுபடியும் பனியில் வைத்தாள். மறுபடியும் இழுத்துக்கொண்டாள்.

"என்ன அக்கா?"

"பார்க்கறேன் சாமி."

மூன்றாவது தடவையும் வைத்தாள். விடவில்லை. வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது. கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் பிரேக்கைத் தடவினாள். அதன் இரண்டு இரும்புக் கைகளும் மேலேயே மடங்கி இருந்தன. அவற்றை ஏதோ சேர்த்துக் கட்டியிருந்தது.

சைக்கிள் டியூப்பில் வெட்டிய கருப்பு வளையம். கவிழ்த்துப் போட்டு மெழுகு தேய்க்கும்போது பிரேக் கைகள் குறுக்கே வராமல் இருக்க மாட்டுவது. மடத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். தேய்த்து முடித்ததும் எடுத்துவிட வேண்டும். அவளேதான் மாட்டினாள். எடுக்கவில்லை. கருப்பு பிரேக்கின்மேல் கருப்பு வளையம் கண்ணுக்குத் தெரியவில்லை.

மூன்று தடவை அவள் இந்தப் பலகையைக் குருவின் நெஞ்சுக்கு நேராக வைத்திருந்தாள்.

வளையத்தை உருவ அவளால் முடியவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். அறுந்து வந்தது. பிரேக் கைகள் இரண்டும் டக்கென்று இறங்கின. அந்தச் சத்தத்துக்கே அவள் உடம்பு தூக்கிப் போட்டது.

அவள் பலகையைப் பனியில் வைத்தாள். குதிகால் படும் இடத்தை உள்ளங்கையால் அழுத்தி, பிரேக் கைகள் மடங்கியதும், கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு, பலமாகத் தள்ளிவிட்டாள்.

பலகை ஓர் ஆள் நீளம் போனது. பனியில் இரண்டு கோடுகள் விழுந்தன. நின்றது.

குரு ஏறி வர நெடுநேரம் ஆனது. அவர் வந்து சேர்ந்தபோது தையல்நாயகி இன்னும் மண்டியிட்டிருந்தாள். அறுந்த வளையம் கையில் இருந்தது. குரு அதைப் பார்த்தார்.

"இதோடயா வெச்சிருந்தீங்க?"

"ஆமா சாமி. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"தெரிஞ்சுதான் நின்னீங்கன்னு நினைச்சேன்."

"தெரிஞ்சிருந்தா எடுக்கச் சொல்லியிருப்பேனே."

தையல்நாயகிக்கு அழுகை வந்தது. கையுறையால் துடைத்தாள். பனி முகமெல்லாம் ஒட்டிக்கொண்டது.

"நாளைக்கு வேற யாரையாவது அனுப்புங்க சாமி. உங்க காலைப் பிடிக்கறேன். பயமில்லாத யாரையாவது அனுப்புங்க."

குரு குனிந்து, நின்றுபோன பலகையை எடுத்தார். அதில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டு அவளிடம் நீட்டினார்.

"பயமில்லாதவங்க மேலே நின்னிருந்தா, நான் கீழே நின்னிருக்க மாட்டேன் அக்கா."