வெட்டுக்கிளி வாங்கிய நிவாரணம்

எருக்கஞ்செடிகள் மண்டிய ஒரு காட்டில் மாடத்தி என்ற கட்டெறும்பு பிள்ளைகுட்டிகளோடு வாழ்ந்து வந்தாள். அவள் பிழைப்பு அசுவினி வளர்ப்பு. கடுகைவிடச் சின்னதான அந்தப் பூச்சிகள்தான் எறும்புகளுக்குப் பசுமாடு. மீசையால் மெல்லத் தடவினால் போதும், ஒரு சொட்டு இனிப்புநீர் சுரக்கும்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. மாடத்தியின் மந்தையை வெள்ளம் அப்படியே அடித்துக்கொண்டு போனது. இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு தப்பியது ஒரே ஒரு கிழட்டு அசுவினி. பிள்ளைகள் பசியால் அழுதன.

மழை விட்டதும் யானையரசர் அறிவித்தார்: "கால்நடை இழந்தவர்களுக்கு அரண்மனை நிவாரணம் தரும்! அதிகாரி பச்சோந்தியார் நேரில் வந்து பார்வையிடுவார்!"

பச்சோந்தியார் வந்தார். ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்கு வரவே அவருக்கு அரை நாள் பிடித்தது.

"ஐயா, என் மந்தையே போய்விட்டது" என்று கும்பிட்டாள் மாடத்தி.

"செத்ததைக் காட்டு."

"எல்லாவற்றையும் வெள்ளம் கொண்டுபோய்விட்டதே ஐயா!"

"அப்படியென்றால் செத்துவிட்டன என்று எப்படிச் சொல்கிறாய்? வெளியூர் போயிருக்கலாம். திரும்பி வரும்வரை காத்திரு."

"நீந்தத் தெரியாத பூச்சிகள் ஐயா. பிள்ளைகள் பட்டினி."

"அதோ ஒன்று உயிரோடு இருக்கிறதே!" என்ற பச்சோந்தியார், குரலைத் தாழ்த்தி அனுதாபமாகச் சொன்னார்: "அதுவும் செத்திருந்தால் உனக்கு ஏதாவது செய்திருக்கலாம்."

மாடத்தி கிழட்டு அசுவினியைத் திரும்பிப் பார்த்தாள். அதைக் கொன்று காட்ட அவளுக்கு மனம் வரவில்லை. "அந்தப் பாவம் வேண்டாம் ஐயா" என்று சொல்லிவிட்டாள்.

இதையெல்லாம் பக்கத்து அவரைக்கொடியில் இருந்த வெட்டுக்கிளி தாண்டவன் கேட்டுக்கொண்டிருந்தான். இலை தின்பதைத் தவிர வேறு வேலை அறியாதவன் அவன். ஓடிப்போய்க் கருகருவென்ற கீரை விதைகளை அள்ளி வந்தான். அவற்றைச் செத்த அசுவினிகள் போலத் தரையில் வரிசையாகப் பரப்பித் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "ஐயோ, என் செல்வங்களே! அத்தனை பேரும் போய்விட்டீர்களே!"

பச்சோந்தியார் ஒரு கண்ணால் விதைகளைப் பார்த்தார். மறு கண் பறந்துபோன ஈயின் பின்னால் போனது.

"எவ்வளவு ஒழுங்காக அடுக்கியிருக்கிறாய்! இழப்பு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!" என்று பாராட்டி, அங்கேயே நிவாரணத்துக்கு உத்தரவிட்டார்.

வெல்லக்கட்டி வரும் என்று நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு காத்திருந்தான் தாண்டவன். வந்ததோ அரண்மனைத் தோட்டத்து அசுவினிகள்! செத்த ஒன்றுக்கு உயிருள்ள ஒன்று.

"இவற்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?" என்று அலறினான்.

"வளர்த்துக்கொள். ஒன்று குறைந்தாலும் அரசர் உன்னைச் சும்மா விடமாட்டார்" என்று சொல்லிவிட்டுப் போயின, சுமந்து வந்த வண்டுகள்.

அசுவினிகள் அவரைக்கொடியின் கொழுந்துகளில் ஏறி உறிஞ்சத் தொடங்கின. இலைகள் சுருண்டன. இனிப்புநீர் வழிந்து கொடியெல்லாம் பிசுபிசுத்து, தாண்டவனின் கால்கள் ஒட்டிக்கொண்டன. வாசனை பிடித்துப் பொறிவண்டுகளும் அசுவினி தின்ன வந்துவிட்டன.

'மந்தை குறைந்தால் என் தலை போகும். பெருகினால் என் சாப்பாடு போகும்!' என்று நடுங்கிய தாண்டவன் மாடத்தியிடம் ஓடினான்.

"அக்கா, எப்படியாவது இவற்றை ஓட்டிக்கொண்டு போய்விடு! ஒன்றுகூடக் குறையாமல் நீயே வளர்த்துக்கொள்!"

"உன் செல்வங்களாயிற்றே தம்பி? அன்று அப்படி அழுதாயே!"

"அது கீரை விதை அக்கா!"

மாடத்திக்குச் சிரிப்பு வந்தது. உறவுக்காரர்களைத் திரட்டிக்கொண்டு போனாள். பொறிவண்டுகளைக் கடித்து விரட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் மந்தை முழுவதும் எருக்கஞ்செடிக்கு வந்து சேர்ந்தது. பிள்ளைகள் வயிறு முட்டக் குடித்தன.

சில நாள் கழித்துப் பார்வையிட வந்த பச்சோந்தியார், மாடத்தியின் செடியில் கொழுத்த மந்தையைக் கண்டார். ஒன்றும் கேட்கவில்லை. அரண்மனைக்குப் போய், "நிவாரணம் உரியவரிடமே சேர்ந்துவிட்டது அரசே! எல்லாம் என் நேரடி மேற்பார்வை" என்று சொல்லிப் பாராட்டும் வாங்கிக்கொண்டார்.

தாண்டவன் மட்டும் காய்ந்த கொடியை விட்டு, பசியோடு வேறு இலை தேடிப் போனான்.

நீதி: பிறர் துயரத்தைத் தன் துயரம் என்று பொய் சொல்லிப் பெற்றது, பெற்றவனுக்கே பாரமாகும்.