பாதிவழியார் சுமந்த திருமஞ்சனம்

விடமுண்ட நாதர் எழுந்தருளியிருக்கும் குறுந்துறையில், ஆற்றிலிருந்து கோயிலுக்குத் திருமஞ்சன நீர் சுமக்கும் தொண்டைச் செய்துவந்தார் குழகனார். நாள்தோறும் காலையில் ஒரு குடம். பிரதோஷ நாளில் மாலையில் இன்னொரு குடம். அவ்வளவுதான் வேலை. கால் உள்ள எவரும் செய்துவிடலாம். ஆனால் குழகனார் அதை ஒவ்வொரு நாளும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் செய்தார்.

அவருக்கு நோய்கள் இரண்டு. ஒன்று இளைப்பு. நாலடி வேகமாக நடந்தால் நெஞ்சுக்கூடு ஏறி இறங்கும், மூச்சு விசில் அடிக்கும். வைத்தியர் ஆடாதோடைக் கஷாயம் கொடுத்தார்; கொஞ்சம் கேட்டது. மற்றொன்றுக்கு அவரிடமும் மருந்தில்லை. அதன் பெயர் பயம். எதைக் கண்டு என்று கேட்டால் குழகனாருக்குச் சொல்லத் தெரியாது. சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், உள்ளங்கை சில்லிடும், நாக்கு ஒட்டிக்கொள்ளும், இதோ இந்த நொடியில் செத்து விழப்போகிறோம் என்று தோன்றும். பயம் வந்தால் இளைப்பு வரும். இளைப்பு வந்தால் பயம் இரட்டிக்கும். எது முதலில் வந்தது என்று பிரித்துப் பார்ப்பதற்குள் அவர் வியர்வையில் நனைந்திருப்பார்.

பல் துலக்குவதும் வேட்டியைச் சுற்றுவதும்கூட அவருக்குப் பெரிய காரியங்கள். நாவிதரிடம் உட்கார்ந்தால் கத்தி கழுத்துக்கு வரும்போது எழுந்து ஓடிவிடுவார். ஒரு பக்கம் மழித்தும் ஒரு பக்கம் மழிக்காமலும் பத்து நாள் திரிந்ததுண்டு. சந்தைக்குப் போகமாட்டார். கல்யாண வீட்டுப் பந்தியில் நடுவில் உட்காரமாட்டார். காலையில் கண் விழித்ததும் சுவரைப் பார்த்தபடி, "எழுந்துட்டேன் ஐயனே. இனி முகம் கழுவணும், கூட வா," என்பார். முகம் கழுவியதும், "கழுவிட்டேன் ஐயனே. இனி படி இறங்கணும், கூட வா," என்பார். பயத்தைப் போக்கு என்று அவர் வேண்டுவதில்லை. முதலில் வேண்டியிருப்பார், நடக்காது என்று தெரிந்து விட்டிருப்பார் என நினைக்கிறேன்.

அவருடைய மைத்துனர் ஒருமுறை அவரைப் பேயோட்டுபவரிடம் இழுத்துக்கொண்டு போனார். வேப்பிலையால் முதுகில் அடி அடியென்று அடித்தார்கள். இருந்த பயத்தோடு பேய் பயமும் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம்.

இவ்வளவுக்கும் நடுவே அந்தக் குடத்தை மட்டும் அவர் விடவில்லை. ஆற்றுக்கும் கோயிலுக்கும் இடையே தேர்த் திடல். மரமில்லை, சுவரில்லை, கை ஊன்ற ஒரு கல்லில்லை. வெட்டவெளி. அதன் நடுவுக்கு வரும்போதுதான் குழகனாருக்குப் பயம் உச்சத்துக்கு ஏறும். அந்தக் கோயிலில் ஒரு விதி உண்டு. ஆற்றில் எடுத்த திருமஞ்சனக் குடத்தைச் சன்னிதியில்தான் இறக்கவேண்டும். வழியில் தரையில் வைத்தால் அந்த நீர் அபிஷேகத்துக்கு ஆகாது. கொட்டிவிட்டு மறுபடி ஆற்றுக்குப் போகவேண்டும். குழகனார் திடலின் நடுவில் கண் இருட்டிக் குடத்தை இறக்கிவிடுவார். பிறகு அழுதுகொண்டே கொட்டிவிட்டுப் படித்துறைக்குத் திரும்புவார். அங்கே மூச்சு அடங்கும்வரை உட்கார்ந்து, மறுபடி நிறைத்துக்கொண்டு கிளம்புவார். சில நாள் இரண்டு நடை. சில நாள் நான்கு. இதனால் ஊரார் அவருக்குப் பாதிவழிப் பண்டாரம் என்று பெயர் வைத்தார்கள்.

"என்ன பண்டாரம், இன்னிக்குத் திடலுக்கு எத்தனை குடம் அபிஷேகம் ஆச்சு?" என்று கேட்பார்கள்.

"மூணு ஆச்சுங்க," என்று உண்மையைச் சொல்லிவிட்டுப் போவார் அவர்.

நான்காவது நடையில் வந்த ஒரு நாள், காலைப் பூசை தாமதமாகிவிட்டது. கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் மணியம் உலகநாத பிள்ளை கொதித்துப்போனார். கெட்டவர் இல்லை, நேரம் தவறினால் சாமி குற்றம் என்று நடுங்குகிறவர். அதுவும் ஒரு பயம்தான். ஆனால் அவருடைய பயத்துக்கு ஊரில் மரியாதை இருந்தது.

"இந்தா பாரு குழகா. வர்ற சனிக்கிழமை மகாபிரதோஷம். சுத்துப்பட்டு சனமெல்லாம் வரும். ஒரே நடையில வரணும். அபிஷேக மணி அடிக்கிறதுக்குள்ள குடம் சன்னிதியில இருக்கணும். இல்லேன்னா அன்னியோட இந்தத் தொண்டு வேற ஆளுக்குப் போயிடும்," என்றார்.

குழகனார் வீட்டுக்கு வந்து மூலையில் சுருண்டு படுத்தார். நாளில் ஒருமுறையாவது அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பி வெளியே அனுப்பியது அந்தக் குடம்தான். அது போய்விட்டால் தாம் எழுந்திருக்கவே மாட்டோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மனைவி பிச்சம்மையார் கஞ்சியைக் கரைத்து எதிரில் வைத்துவிட்டுத் தாமும் உட்கார்ந்துகொண்டார்.

"நான் கூடவே நடந்து வரட்டுங்களா?"

"வேணாம். பொண்டாட்டி கையப் புடிச்சு நடக்குறான்னு அதுக்கும் சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும்... சரி, வேணாம். நான் படித்துறையிலயே நிக்கிறேன். திரும்பிப் பாத்தா நான் தெரிவேன். எங்கயும் போகமாட்டேன். இப்ப இதைக் குடிங்க."

அவர் குடித்தார்.

சனிக்கிழமை பிற்பகல் வெயில் சாய்ந்தபோது குழகனார் ஆற்றில் மூழ்கி எழுந்து, நீறு பூசி, குடத்தை நிறைத்துத் தலையில் ஏற்றினார். "நிறைச்சுட்டேன் ஐயனே. இனி திடல். கூட வா," என்றார். படித்துறையின் மேல்படியில் பிச்சம்மையார் நின்றார்.

நாற்பது அடி வரை ஒன்றுமில்லை. பிறகு நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. எண்பதாவது அடியில் மூச்சு விசிலடித்தது. நூறு தாண்டியதும் திடல் பெரிதாகிக்கொண்டே போவதுபோல இருந்தது. கோயில் தூரத்தில், ஆறும் தூரத்தில், தலைக்கு மேலே ஒட்டுமொத்த வானம். குடத்தை இறக்கு, இறக்கு என்று கைகள் கெஞ்சின. அவர் இறக்கவில்லை. ஐந்தெழுத்தைக்கூட முழுதாகச் சொல்ல மூச்சு இல்லாமல், "சிவா... சிவா..." என்று முனகியபடி ஒரு காலை எடுத்து முன்னே வைத்தார். பிறகு மற்றொரு காலை. நாள்தோறும் குடத்தை இறக்குகிற இடம் வந்தது. அதைத் தாண்டினார். வாழ்நாளில் முதன்முறையாக முதல் நடையிலேயே அதைத் தாண்டினார்.

அப்போது ஒரு முனகல் கேட்டது. வழியில் ஒருவர் புழுதியில் கிடந்தார். முன்பின் அறியாத முகம். சடை பிடித்த தலை, இடுப்பில் ஒரு கந்தல். இரு கைகளாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி... தொண்டை எரியுது... தண்ணி குடுங்க..."

குழகனார் நின்றார். கோயில் இதோ இருக்கிறது. இன்னும் நூற்றைம்பது அடி. குடத்தை இறக்கினால் நீர் ஆகாது, ஆற்றுக்குப் போய்த் திரும்புவதற்குள் மணி அடித்துவிடும், தொண்டு போய்விடும். உள்ளே போய் யாரையாவது அனுப்பலாமே என்று ஒரு கணம் நினைத்தார். அந்த ஒரு கணத்தை அவர் நம்மிடம் ஒளிக்கவில்லை. பின்னாளில் தாமே சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார்.

"செத்துப் போயிடுவேனோன்னு பயமா இருக்கு," என்றார் புழுதியில் கிடந்தவர்.

இந்தச் சொல்லைக் கேட்ட பிறகு குழகனாரால் ஓரடியும் நகர முடியவில்லை. குடத்தை இறக்கினார். அந்த மனிதரின் தலையைத் தம் மடியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் ஊற்றினார். குடித்தார், குடித்தார், குடம் காலியாகும்வரை குடித்தார். ஆனாலும் நடுக்கம் நிற்கவில்லை. குழகனாரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எந்திரிச்சுப் போயிடாதீங்க."

"போகமாட்டேன். எனக்கும் இது தெனம் வருது. சாவு வந்த மாதிரியே இருக்கும், ஆனா சாகமாட்டோம். வரும், கொஞ்ச நேரம் கெடந்து ஆட்டும், போயிடும். நான் இங்கதான் இருக்கேன். மெதுவா மூச்சு விடுங்க."

சொன்னவருக்கும் பல்லோடு பல் அடித்துக்கொண்டிருந்தது. வெட்டவெளியில், தமக்கு உலகிலேயே அச்சமான இடத்தில், எழுந்து ஓடச் சொன்ன தம் கால்களைச் சம்மணமிட்டு மடக்கி வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். படித்துறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பிச்சம்மையாரின் கண்ணுக்கோ கணவர் ஒருவர்தான் தெரிந்தார். ஆளில்லாத மண்ணில் அவர் குடத்தைச் சாய்ப்பதைக் கண்டு, எல்லாம் போயிற்று என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

அபிஷேக மணி அடித்தது.

தொண்டு போயிற்று என்று குழகனாருக்குத் தெரிந்தது. கண்ணில் நீர் முட்டியது. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டுக் குனிந்தார். மடியில் யாருமில்லை.

கோயிலுக்குள் நடந்ததை இனிச் சொல்லவேண்டும். மணியம் முன்னெச்சரிக்கையாக வேறோர் ஆளைக் கொண்டு ஒரு குடம் நீர் வரவழைத்து வைத்திருந்தார். மணி அடித்ததும் குருக்கள் அதைத் தூக்கினார். வெளியே மக்கள் பிரதோஷச் சுற்று வந்துகொண்டிருந்தார்கள். மற்ற நாள் போல அன்று முழுச் சுற்று வருவதில்லை. அபிஷேக நீர் வெளியே விழும் கோமுகி வரை போய், அதைத் தாண்டாமல் வந்த வழியே திரும்புவது வழக்கம். அப்படிக் கோமுகியை அடைந்தவர்கள் முதலில் கூச்சலிட்டார்கள். உள்ளே குருக்கள் குடத்தைச் சாய்க்கவே இல்லை. ஆனால் கோமுகியிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது.

குருக்கள் திரும்பிப் பார்த்தார். சிவலிங்கத் திருமேனி முழுவதும் நனைந்திருந்தது. கைக்குடம் தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது. அவர் நடுங்கிப்போய்க் கீழே உட்கார்ந்துவிட்டார். அப்போது கருவறையிலிருந்து எல்லோரும் கேட்க ஒரு குரல் எழுந்தது.

"ஆலகாலம் எழுந்த அன்று அமரரும் அசுரரும் அஞ்சி ஓடினர். எம்மைச் சுற்றிப் பாதி வழி வந்து, அங்கும் நஞ்சைக் கண்டு அஞ்சித் திரும்பினர். அந்த ஓட்டத்தையே இன்று நீங்கள் பிரதோஷ வலம் என்று நடக்கிறீர்கள். பாதி வழியில் திரும்பியவர்களுக்காகவே யாம் நஞ்சுண்டோம். இன்று எம் தொண்டை எரிந்தபோது, தன் அச்சத்தோடு எம் அருகே அமர்ந்து நீர் தந்தவன் திடலில் இருக்கிறான். திருமஞ்சனம் ஆயிற்று."

கூட்டம் மொத்தமாகத் திடலை நோக்கிப் பாய்ந்தது. முன்னால் மணியம் உலகநாத பிள்ளை, மேல்துண்டு நழுவி விழுந்தது தெரியாமல் ஓடினார்.

காலிக் குடத்தோடு திடல் நடுவில் உட்கார்ந்திருந்த குழகனார் நிமிர்ந்து பார்த்தார். நூறு பேர், இருநூறு பேர் தம்மை நோக்கி ஓடி வருகிறார்கள். பூசையைக் கெடுத்ததற்கு அடிக்க வருகிறார்கள் என்று எண்ணினார். பாவம், அவர் வேறு என்ன எண்ணுவார்! குடத்தை அணைத்துக்கொண்டு, மூச்சிரைக்க ஆற்றை நோக்கி ஓடினார். அடியார் கதைகளில் தம்மைப் போற்ற வந்தவர்களைக் கண்டு இப்படித் தலைதெறிக்க ஓடியவர் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

படித்துறையில் பிச்சம்மையார் குறுக்கே வந்து அவரைத் தாங்கிக்கொண்டார். அவர் மனைவியின் தோளில் முகம் புதைத்து நடுங்கினார். ஓடி வந்த மணியம் அப்படியே ஈரப்படியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கூட்டமும் விழுந்தது. சுவாமி குடித்த கதையை ஆளுக்கொரு வாயாகச் சொன்னார்கள். குழகனாருக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஒன்றை மட்டும் அவர் கேட்டார்.

"பிள்ளைவாள்... நாளைக் காலையில தண்ணி நான் எடுக்கலாங்களா?"

உலகநாத பிள்ளை அழுதுகொண்டே சரியென்று தலையை ஆட்டினார்.

நோய் தீர்ந்ததா என்று கேட்பீர்கள். தீரவில்லை. மறுநாள் காலையிலும் அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கஷாயம் குடித்தார், சுவரைப் பார்த்துப் பேசினார், படி இறங்கினார். குடத்தை இறக்கிய நாள்களும் பிறகு இருந்தன. ஆனால் அவர் வரும்வரை மணி அடிக்கக் கூடாது என்பது அன்றுமுதல் குறுந்துறையில் வழக்கமாயிற்று. குருக்கள் கையில் பூவோடு காத்திருந்தார், கூட்டம் காத்திருந்தது, உள்ளே விடமுண்ட நாதரும் காத்திருந்தார்.

அஞ்சாத நெஞ்சினர் செய்த தொண்டை உலகம் முன்னமே நிறையப் பாடிவிட்டது. அஞ்சிக்கொண்டே நாள்தோறும் எழுந்து நடந்த குழகனாரின் திருவடிகளை நாம் வணங்குவோம்.